நாற்பத்தொன்றாம் எண் பை

ஜூன் 20, வெள்ளி

இந்த நோட்டில் இனி வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் அக்கா நம்பமாட்டாள். அவள் மகள் நம்பமாட்டாள். பத்து வருஷம் கழித்து இதே நோட்டை நானே தூசி தட்டிப் படித்தால் நானும் நம்பமாட்டேன். ஆயினும் குற்றாலம் பேரருவியின்மேல் ஆணை, இன்று அதில் விழுந்த ஒவ்வொரு துளியின்மேலும் தனித்தனியாக ஆணை: என் செல்போனைக் குரங்கு கொண்டுபோய்விட்டது.

சாதாரணக் குரங்கு அல்ல. யானையில் பாதி உயரம். முகத்தில் நரை. இடது கையில் பாதி கரைந்த மஞ்சள் சோப்பு. வலது கையால் என் போனைப் பிடுங்கியது, திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, செண்பகாதேவி அருவிப் பக்கமாக ஒரே தாவலில் மறைந்தது. அந்தத் தாவலைக் கண்டு பேரருவியே அரை நொடி விழுவதை நிறுத்தியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் யார் என்று வருங்காலத்தார் கேட்பார்கள். பெயர் குற்றாலிங்கம். வயது நாற்பத்தொன்பது. மனைவி மக்கள் இல்லை. பேரருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் பலகைகளுக்கும் நடுவே, குளிக்க வருகிறவர்களின் பொருள்களைப் பாதுகாத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நூற்றிருபது மரப் பொந்துகள். வருகிறவரின் போன், பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்துப் பொந்தில் வைப்பேன். எண் அடித்த பித்தளை டோக்கனைக் கொடுப்பேன். அவர் அதை அரைஞாணில் முடிந்துகொண்டு அருவிக்குள் போவார். பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கையால் வாங்கிவைத்த போன்களை வரிசையாக அடுக்கினால் தென்காசியிலிருந்து காசிவரை பாதை போடலாம். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. தொலைந்தது என்னுடையதுதான்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. என் அக்கா குழல்வாய்மொழிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அத்தானுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. மகள் பொன்மணிக்கு ரத்த வகை சேரவில்லை. மிஞ்சியது ஒரே தம்பி. இந்த மாதத் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னிடமிருந்து நாற்பது குடம் ரத்தம் எடுத்தார்கள். பொன்மணி பதினான்கு குழாய் என்று சொல்வாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. பொருந்துகிறதா இல்லையா என்ற செய்தி என் போனுக்கு மட்டும்தான் வரும். மாற்று எண் என்று படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. அதிலும் என் எண்ணையே எழுதினேன். ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று அப்போது தோன்றியது.

அந்தப் போனைத்தான் குரங்கு கொண்டுபோனது. நான் என்ன செய்ய முடியும்?

கடை அடைக்கும்போது எல்லாப் பையும் போயிருந்தது. 41ஆம் எண் பையை மட்டும் யாரும் வாங்க வரவில்லை.

ஜூன் 21, சனி

காலைப் பலகாரம் அக்கா வீட்டில்தான். பொன்மணி தென்காசியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். என்னை உட்காரவைத்து விசாரித்தாள். உலக நீதிமன்றங்களில்கூட இப்படி விசாரிக்கமாட்டார்கள்.

"மாமா, குரங்கு ஒங்க கைல இருந்து பிடுங்குச்சு. சரி. அதுக்கு முன்னாடி அது கைல என்ன இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"சோப்பு. மஞ்ச சோப்பு."

"குரங்குக்குச் சோப்பு எதுக்கு மாமா?"

"குளிக்கத்தான். அது குத்தாலத்துக் குரங்குல்லா."

"யானையில பாதி ஒசரம்னு சொன்னீங்கள்லா, அதக்கூட நம்பிருதேன். சோப்ப மட்டும் என்னால நம்ப முடியல." தன் போனில் ஏதோ வரைபடத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதப் பாருங்க. நேத்து காலைல பதினொன்னு இருவதுக்கு ஒங்க கடையில காட்டுது. அதோட சுவிட்ச் ஆப். குரங்குக்கு சுவிட்ச் ஆப் பண்ணவும் தெரியுமோ?"

"நம்மூர்க் குரங்குக்கு வரி கட்டக்கூடத் தெரியும்."

அடுப்படியில் அக்கா பீர்க்கங்காயை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் நோய்க்குக் காய் அப்படித்தான் ஆக வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, "போனா போவுது விடுடீ. அவன தோசையத் திங்க விடு" என்றாள். கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள். ஆஸ்பத்திரி அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வசதியில்லாமலும் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் பிடித்துவிட்டது. இன்று வந்த கூட்டத்தில் தமிழ்நாட்டில் மீதம் யாராவது வீட்டில் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். நூற்றிருபது பொந்தும் நிறைந்து, மடியிலும் பைகளை வைத்துக்கொண்டேன். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறும். பொந்துக்குள் பக்திப் பாட்டு, பக்கத்துப் பொந்தில் குத்துப் பாட்டு, அதற்கடுத்ததில் யாரோ குழந்தை "அப்பா போன எடு, அப்பா போன எடு" என்று பதிவுசெய்த குரல். எதையும் நான் எடுப்பதில்லை. அது முதல் விதி.

இரண்டாம் விதி: டோக்கன் யார் கொண்டுவந்தாலும் பை அவருக்கு. கேள்வி கிடையாது. டோக்கன் இல்லாதவர் மாவட்ட ஆட்சியராக இருந்தாலும் பை கிடையாது.

இன்று மத்தியானம் ஒரு பெண்மணி 88ஆம் எண் டோக்கனை நீட்டினார். பையைக் கொடுத்தேன். போனை எடுத்து அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தார். இரண்டு நிமிஷத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! அவகிட்ட எதுக்கு குடுத்தீக?"

"டோக்கன் கொண்டாந்தாவ, குடுத்தேன்."

"அது எம் போனு!"

"டோக்கன் அவுக கையில."

அந்த அம்மாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, இந்த விசாலம் யாரு?" என்றார். அந்த மனிதர் மறுபடியும் அருவியை நோக்கி ஓடினார். அவர் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் கேள்வி.

விதி என்றால் விதி. உடையவரே வந்து அழுதாலும் விதி.

41 இன்னும் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவுடன் தென்காசி போனேன். ஆஸ்பத்திரியில் மற்ற வீட்டார் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள். நான் வெளியே வாசலைக் காவல் காக்கிறேன். எந்த நேரத்தில் எந்தப் பகை அரசன் படையெடுப்பானோ தெரியாது, ஒருவர் காக்கத்தான் வேண்டும். ஊசி குத்துகிற நேரத்தில் நான் உள்ளே இல்லாததற்கு இது ஒன்றே காரணம். மதுரையில் பதினான்காம் குழாயின்போது நான் நாற்காலியிலிருந்து சரிந்ததும் மயக்கத்தால் அல்ல, திடீரென்று தியானம் கூடிவிட்டது.

நான்கு மணி நேரம். வரும்போது மினி பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஊர் ஊரிலிருந்து வேன்கள் வந்து நிற்கின்றன. அத்தனை பேரும் தலையில் தண்ணீர் விழ வேண்டும் என்று வருகிறார்கள். என் அக்காவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அளவு. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மாத்திரைக்கு எவ்வளவு, மோருக்கு எவ்வளவு என்று கோடுகள்.

"நாக்க நனைக்கக்கூட யோசிக்க வேண்டிருக்குலே" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மதுரையில் ஆலோசகர் ஸ்டெல்லா மேடம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

"ரிசல்ட் ஒங்களுக்கு மட்டும்தான் சொல்வோம் சார். பொருந்தினாலும் குடுத்தே ஆகணும்னு இல்ல. வேண்டாம்னா எங்ககிட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்குப் 'பொருந்தல'ன்னு நாங்க சொல்லிக்கிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது."

எவ்வளவு நல்ல மனுஷி. அப்படி ஒரு கதவைத் திறந்துவைக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 25, புதன்

பொன்மணி விடவில்லை. "போன் போனாப் போகுது, அதே நம்பர்ல வேற சிம் வாங்கிருவோம்" என்று தென்காசிக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு சின்னக் கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன். ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்தேன். கடைப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்து, "ஊறிப்போயிருக்கே சார்" என்றாள்.

"பத்தொம்பது வருஷமா அருவிக்குப் பக்கத்துல இருக்கேம்மா. சாரல் என் ரேகைய எல்லாம் அழிச்சுட்டு. ஜாதகமே மாறிப்போச்சு."

பொன்மணி என் விரலைப் பிடித்து முகர்ந்தாள். "மாமா, பஸ் ஏறுததுக்கு முன்னாடி எங்க போயிருந்தீங்க?"

பஸ் ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தது உடல்நலத்துக்காக. வெயில் காலத்தில் எல்லாரும் செய்ய வேண்டிய பயிற்சி.

ஜூன் 27, வெள்ளி

மழை. போலீஸ் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டது. பொந்துகளையெல்லாம் துடைத்தேன். 41ஐத் துடைக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

போனை முடக்க வேண்டுமானால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பொன்மணி கடைசியில் அங்கேயும் கொண்டுபோனாள். எழுத்தர் நல்ல மனிதர், பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"எதிரி பேரு?"

"குரங்குங்க."

"அடையாளம்?"

"முகத்துல நரை. கைல சோப்பு."

பேனாவை மூடினார். "அண்ணாச்சி, ஒங்க கடையில என் மச்சான் போனு, என் மாமனார் போனு எல்லாம் இருந்து பத்திரமா வந்துருக்கு. ஒங்க போனு மட்டும் எப்படிங்க போச்சு?"

இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. ஒன்றைவிட ஒன்று பிரமாதம். பொன்மணி பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றையும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, ஆஸ்பத்திரிக்கு நாமளே போயிக் கேப்போமா? நானும் வாரேன்."

"சீசன் முடியட்டும்" என்றேன்.

சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று அக்காவின் கையில் ஊசி ஏறவில்லை. கையில் அறுவை செய்து ரத்த ஓட்டத்துக்கு என்று ஒரு குழல் அமைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். இன்று அதிரவில்லை. அடைத்துக்கொண்டதாம். கழுத்தில் குழாய் போட்டார்கள்.

நான் வாசலில் காவலுக்கு நின்றேன். உள்ளேயிருந்து அவள் சத்தம் கேட்டது. அக்கா சத்தம் போடுகிறவள் அல்ல. அப்பா இறந்த அன்றுகூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள்.

வெளியே கொண்டுவந்தபோது கழுத்தில் பிளாஸ்திரி, அதிலிருந்து இரண்டு மூடிகள் தொங்கின. டாக்டர் பொன்மணியிடம், "இது ரொம்ப நாளைக்குத் தாங்காது, கிருமி ஏறும். மதுரைல என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லல டாக்டர்" என்றாள் பொன்மணி. என்னைப் பார்க்கவில்லை.

குரங்கு போன் கொண்டுபோய் இன்றோடு பதினோரு நாள்.

இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூலை 2, புதன்

41ஆம் எண் டோக்கனைக் காணோம்.

வாடிக்கையாளருடையது என்பதால் பதறுகிறேன், வேறொன்றும் இல்லை. சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். எந்தச் சட்டை? நீலச் சட்டை. நீலச் சட்டை எங்கே? நேற்று அக்கா வீட்டில் துவைக்கப் போட்டேன். கடையின் பலகைகளை எல்லாம் பெயர்த்துப் பார்த்தேன். சாக்கடையில் கையை விட்டேன். எண்ணெய் தேய்க்கிறவர்கள் நான்கு பேரும் சேர்ந்து தேடினார்கள். ஒருவர், "அண்ணாச்சி, ஒமக்கே டோக்கன் தொலையுதா? அப்ப உலகம் அழியப்போவுது" என்றார்.

டோக்கன் தொலைந்தால் பையை எடுக்கக் கூடாது. என் விதிதான்.

ஜூலை 3, வியாழன்

இதை நடந்தபடியே எழுதுகிறேன். மிகைப்படுத்தப் பொருள் இல்லை.

காலை பத்தரை. தடை நீங்கிக் கூட்டம். தலையைக் குனிந்தபடி டோக்கன்களை வாங்கிப் பைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு டோக்கன் விழுந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். அக்கா. கழுத்துப் பிளாஸ்திரியை மறைத்துச் சேலையைப் போர்த்தியிருந்தாள். ஈரத் துண்டுகளோடு நின்றவர்கள் நடுவே வரிசையில் நின்று வந்திருக்கிறாள்.

"அக்கா, ஒனக்கு இது எங்ஙன..."

"ஒங் கடையில கேள்வி உண்டாலே?"

"கிடையாது."

"அப்பக் குடு."

பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம் ஆகட்டும் அண்ணாச்சி" என்றார். நான் எழுந்து போய் 41ஆம் பொந்திலிருந்து பையை எடுத்தேன். அவள் முன்னால் வைத்தேன். அவள் கயிற்றைத் தளர்த்தி உள்ளே பார்த்தாள். என் போன். கறுப்பு உறை, ஓரத்தில் விரிசல், பின்னால் பொன்மணி ஒட்டிவிட்ட மீன் படம்.

"பரவால்லியே. பையில போட்டு, கயிற இழுத்து, நேர்த்தியா வச்சிருக்கே இந்தக் குரங்கு" என்றாள்.

பலகையைத் தூக்கி அவளை உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். வரிசையில் இருந்தவர்களிடம் "பத்து நிமிஷம்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, வரிசை நிற்கும்போதே கடையில் வேலை நின்றது. அருவி நிற்கவில்லை. அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

"பயமா இருக்காலே?"

நான் வாயைத் திறந்தேன். இந்த வாயிலிருந்து யானைகள் வந்திருக்கின்றன, பகை அரசர்கள் வந்திருக்கிறார்கள். இப்போது ஒன்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரின்னு சொல்லவும் பயம். இல்லன்னு சொல்லவும் பயம். அதான அப்படியே தூக்கி வச்சுட்ட?"

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

அவள் பொந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதோ ஒரு பையில் போன் அடித்து ஓய்ந்தது.

"நான் ஒண்ணு சொல்லுதேன், பொன்மணிகிட்ட சொல்லிராத. நீ போன் போயிட்டுன்னு வந்து நின்ன பாரு, அன்னைக்கு நான் நல்லாத் தூங்குனேன். அந்தப் போன் அடிச்சு, பொருந்திருச்சுன்னு சொல்லிட்டா, நீ மேசையில படுக்கணும். ஒனக்கு ஒண்ணுன்னா நான் எந்த முகத்தோட பொழைக்க? நீ தொலச்சது எனக்கும் தோதாத்தாம்லே இருந்துச்சு."

இது எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு தோசை எதற்கு என்று இப்போது தெரிந்தது.

"அக்கா, கழுத்துல இந்தக் குழாய்... நான் முன்னாடியே..."

"அத விடு. யாரு கண்டா." அவள் போனை ஆன் செய்யவில்லை. திரும்பப் பைக்குள் போட்டாள். கயிற்றை இழுத்து என்னிடம் நீட்டினாள். "இத வை. டோக்கனக் குடு."

"என்ன?"

"பொருள வச்சா டோக்கன் தருவேல்லா? குடு."

கொடுத்தேன். சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"போன் ஒன்கிட்ட இருக்கு. டோக்கன் என்கிட்ட இருக்கு. ஒனக்கு வேணும்னு தோணுனா வந்து கேளு. தோணலன்னா கேக்காத. நான் ஒருநாளும் எதுக்குன்னு கேக்கமாட்டேன். செத்தாலும் கேக்கமாட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுதேன், பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது வரிசை அப்படியே நின்றது. ஒருவரும் திட்டவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கடை திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்தேன். நான்கு மணி நேரமும் பார்த்தேன்.

ஜூலை 5, சனி

காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வெயிலில் வற்றல் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டோக்கன் குடு."

எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. வற்றலை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுமேலே" என்றாள்.

"என் பொருளு என் கடையில கெடக்கு. வாங்கணும்."

"தூங்குனியா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா வரமாட்டேன். அதான் யோசிக்காம வந்தேன்."

உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. கடுகு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. வந்து டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கினாள். டோக்கனில் கடுகு ஒட்டியிருந்தது.

கடைக்குப் போய், முறைப்படி டோக்கனைப் பலகையில் வைத்து, மறுபக்கம் சுற்றிப் போய், என்னிடமிருந்து பையை நானே வாங்கினேன். ஆன் செய்தேன். மதுரை எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்ததாகக் குறுஞ்செய்திகள் விழுந்தன. கூப்பிட்டேன். ஸ்டெல்லா மேடம் எடுத்தார்.

"குற்றாலிங்கம் சார்! எங்க போயிட்டீங்க? ரெண்டு வாரமா போன் போகவே இல்லையே?"

"அது வந்து மேடம், ஒரு குரங்கு..." என்று ஆரம்பித்தேன். யானை உயரமும் முகத்து நரையும் நாக்கு நுனியில் நின்றன. விழுங்கினேன். "என்கிட்டதான் இருந்துச்சு மேடம். நான்தான் அணைச்சு வச்சிருந்தேன்."

"பரவால்ல சார், நெறையப் பேரு அப்படித்தான்" என்றார். பிறகு செய்தியைச் சொன்னார்.

பொருந்துகிறது. இவ்வளவு நன்றாகப் பொருந்துவது அபூர்வமாம். இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டாராம் டாக்டர்.

"முடிவ இப்பவே சொல்ல வேண்டாம் சார். எப்ப வேணும்னாலும்..."

"இப்பவே சொல்லிருதேன் மேடம். அப்புறம் திரும்பக் குரங்கு வந்துரும்."

ஜூலை 14, திங்கள்

தேதி ஆகஸ்டில் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை போன் தொலையாமல் இருக்கப் பொன்மணி செய்த ஏற்பாடுகளுக்கு முன்னால் அரண்மனைக் கஜானாவெல்லாம் பெட்டிக்கடை. கழுத்தில் கயிறு கட்டிப் போனை மாட்டிவிட்டாள், கன்றுக்குட்டிக்கு மணி கட்டியதுபோல. போனின் பதினைந்து இலக்க அடையாள எண்ணை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். மாற்று எண் என்ற இடத்தில் ஆஸ்பத்திரியில் தன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். நான் எங்கே போனாலும் அவள் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி ஊர்கிறதாம்.

"கக்கூசுக்குப் போனாலும் தெரியுமாட்டீ?"

"எத்தன நேரம் இருந்தீங்கன்னும் தெரியும். அங்க எதும் குரங்கு வந்துச்சா மாமா?"

41ஆம் பை விஷயம் அவளுக்குத் தெரியுமா, அக்கா சொன்னாளா? எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் நேற்று என் சாப்பாட்டுத் தட்டில் முட்டை இரண்டு இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதுரை. நாளைக் காலை ஆறரைக்கு.

அக்கா அடுத்த அறையில். சுவரில் தட்டினால் தட்டுகிறாள். மூன்று தட்டினால் நான்கு தட்டுகிறாள், எப்போதும் அவளுக்கு ஒன்று அதிகம் வேண்டும்.

மத்தியானம் நர்ஸ் வந்து, நாளைக்கு உள்ளே போகும்போது உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது, அரைஞாண்கூடக் கூடாது, போனையும் பொருள்களையும் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். பொன்மணி தயாராக வந்திருந்தாள். என் கடைத் துணிப்பை ஒன்றை எடுத்தாள். போன், கடிகாரம், அறுத்தெடுத்த அரைஞாண் எல்லாவற்றையும் போட்டுக் கயிற்றை இழுத்தாள். பித்தளை டோக்கனை நீட்டினாள். 41.

"பித்தளையும் கூடாதும்மா" என்றாள் நர்ஸ்.

பொன்மணி யோசித்தாள். பால்பாயிண்ட் பேனாவை எடுத்து என் இடது மணிக்கட்டில் 41 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"வெளிய வந்து இதக் காட்டுனாத்தான் போன். இல்லேன்னா கலெக்டரா இருந்தாலும் கிடையாது. கேட்டுதா?"

"கேட்டுது."

"வந்து காட்டணும் மாமா."

"வந்து காட்டுதேன்டீ."

அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அக்கா அறைக்குப் போகாமல், வராந்தாவின் மறுகோடிக்குப் போய் ஜன்னல் பக்கமாக நின்றாள். நான் பார்க்காத மாதிரி இந்த நோட்டைத் திறந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் சொன்னபடியே ஆயிற்று, ஒரு வரியையும் நம்ப முடியவில்லை. யானையில் பாதி உயரக் குரங்கு கிடையாது. அது என் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. செண்பகாதேவிக்குத் தாவவில்லை. அருவி அரை நொடியும் நிற்கவில்லை. நாற்பது குடம் ரத்தமும், தியானமும், வாசலுக்கு வரவிருந்த பகை அரசனும் பொய். ஜூன் இருபதாம் தேதி பதினொன்று இருபதுக்குப் போனை அணைத்துப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்துப் பொந்தில் வைத்தது இந்தக் கைதான்.

ஒன்றே ஒன்று. பையை வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். எதிரே சிப்ஸ் கடைத் தகரக் கூரையில் ஒரு சின்னக் குரங்கு உட்கார்ந்திருந்தது. யாரோ அருவியில் தவறவிட்ட மஞ்சள் சோப்பை ஒரு கடி கடித்தது, முகத்தைச் சுளித்துத் துப்பியது. துப்பிவிட்டும் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது.

பொன்மணிக்குச் சொல்ல வேண்டும். சோப்பு மட்டும் நிஜம்.